ஆள்காட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். ஆள்காட்டிக் குருவி அப்போதெல்லாம் கண்டவரைக் கண்டு கத்தாது. ஓநாய் வந்தால் மட்டும் கத்தும். அந்தக் காவலை நம்பித்தான் ஆட்டுக்காரன் காத்தமுத்து, அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு வந்தான்.

ஒரு கோடையில் குருவி அந்த வயலிலேயே முட்டையிட்டது.

"அண்ணே, கரையான் புத்துக்குக் கெழக்கால முட்ட வச்சிருக்கேன். ஆடு மிதிச்சிரப் போகுது."

"நான் பாத்துக்கிறேன் தாயி" என்றான் அவன்.

மறுநாள் காலை ஏதோ முயலைப் பார்த்துவிட்டு, ஓநாய் என்று குருவி கத்திவிட்டது. ஆடுகள் திசைக்கொன்றாய்ச் சிதறின. மத்தியானம் வரை தேடி அலைந்து திரும்பிய காத்தமுத்து, "ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று திட்டினான். திட்டியதோடு மறந்தும் போனான். குருவிதான் மறக்கவில்லை.

வெயில் தாழும் நேரம். முட்டைகள் சூட்டில் வெந்துபோகாமலிருக்க, குருவி கண்மாய்க்குப் போய் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்தது. வந்து பார்த்தால் வயல் முழுக்க ஆடு. முட்டை இருந்த இடத்தில் நொறுங்கிய ஓடுதான் கிடந்தது. நனைந்த வயிற்றோடு அந்த ஓடுகளின் மேலேயே உட்கார்ந்து அழுதது.

'மத்தியானம் திட்டுனான், சாயங்காலம் பழி வாங்கிட்டான்' என்று முடிவு கட்டியது. காத்தமுத்து கூப்பிடு தூரத்தில்தான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோபம் வந்தால் கேட்கத் தோன்றுமா?

அடுத்த நாள் உச்சிவெயிலில் அவன் வேலமரத்தடியில் கண்ணயர்ந்தான். குருவி பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதி அவனுக்கு. ஓடைப்பக்கமாக ஓநாய்கள் வந்தன. குருவி பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.

ஆடுகள் அலறிய பிறகுதான் அவன் விழித்தான். கம்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். ஓநாய்களை விரட்டியும் விட்டான். ஆனால் அவன் கழுத்தில் கடி ஆழமாக இறங்கியிருந்தது.

"ஏந் தாயி கத்தல?" என்று கேட்டான்.

"எம் முட்டைகள மிதிக்க விட்டியே, ஒனக்கு எதுக்குக் கத்தணும்?"

"மிதிச்சிருச்சா? முள்ளு வெட்டிச் சுத்திப் போட்டனே..."

குருவி பறந்து போய்ப் பார்த்தது. புற்றுக்குக் கிழக்கே, முட்டை இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கருவேல முள்ளால் வட்டமாக ஒரு வேலி. உள்ளே ஓர் ஆட்டின் குளம்புகூடப் படவில்லை. நடுவில், முட்டை நிறத்திலேயே, புள்ளி புள்ளியாகச் சில கூழாங்கற்கள் இருந்தன. கல்லை முட்டையென்று நினைத்து அத்தனை பத்திரமாகக் காத்திருக்கிறான், அந்த அப்பாவி மனுஷன்.

"அண்ணே, நீ தெரியாமத்தான் செஞ்ச" என்று சொல்லப் பறந்து வந்தது. கேட்க அவனுக்கு உயிர் இல்லை.

அன்று முதல்தான் ஆள்காட்டி, வருவது நல்லவனா கெட்டவனா என்று பாராமல், யாரைக் கண்டாலும் கத்தித் தீர்க்கிறது. கிடைக்காரர்களும் அன்று முதல்தான், சண்டையில் கையை ஓங்குகிறவனைப் பிடித்து நிறுத்தி, "தெரியாமச் செஞ்சிருப்பான்யா, மொதல்ல கேளு" என்கிறார்கள்.