யாளி வாயில் உருளும் கல்

யாளிக்குக் குரல் இருந்த அந்தக் காலத்தில், மரமும் மிருகமும் மனிதரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன. சிங்கத்தின் உடம்பு, யானையின் துதிக்கை, வெளியே பிதுங்கிய இரண்டு முழி. யாளியை முதன்முதலாகப் பார்ப்பவர் வந்த வழியே ஓடிவிடுவார். பழகியவர்களுக்கு மட்டும் தெரியும், அதைப் போல வெள்ளை மனசுக்காரப் பிராணி அந்த மலைப்பக்கத்தில் வேறு இல்லை என்று.

அதற்கு இருந்தது ஒரே ஒரு குறை. அழகான எதையாவது கண்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க அதனால் ஆகாது. குளத்தில் தாமரை மலர்ந்தால் "ஆகா" என்று ஒரு முழக்கம். மேகத்தில் சிவப்பு ஏறினால் ஒரு முழக்கம். மனசாரப் பாராட்டுகிற பாராட்டுத்தான் அது. ஆனால் அந்தப் பாராட்டில் பாறை புரளும், மரத்துக் காயெல்லாம் பிஞ்சிலேயே உதிரும். யாளி வருகிற வாசம் அடித்தாலே மயில்கள் தோகையைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் ஓடிவிடும்.

அந்த மலையடிவாரத்தில் ஆற்றை ஒட்டித் திருநெடும்பாறை என்று ஒரு தலம் இருந்தது. ஒரே பாறை, அதன் மேல் சின்னதாய் ஒரு சந்நிதி, உள்ளே நெடும்பாறை நாதர். பங்குனி உத்திரத்துக்கு ஏழு நாள் நடை தூரத்திலிருந்து ஜனங்கள் தலையில் தீர்த்தக்குடம் சுமந்து வருவார்கள். நிழல் என்று சொல்ல ஒரு செடிகூட அங்கே கிடையாது. பங்குனி வெயிலில் பாறை தோசைக்கல்லாய்க் காயும். ஒரு வருஷம், குடம் சுமந்து வந்த பெரியவர் ஒருவர் சந்நிதிக்குப் பத்தடி முன்னால் சுருண்டு விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஊர்ச் சபை கூடி அழுதது. பிறகு, சந்நிதிக்கு முன்னால் நூறு தூண் வைத்து ஒரு கல்மண்டபம் எழுப்புவது என்று முடிவு செய்தது. அந்த வேலைக்கு எழுவன் என்கிற பெருந்தச்சனை அழைத்தார்கள்.

எழுவன் கையில் உளி இருந்தால் கல் வெண்ணெயாய் இளகும். கொடி செதுக்கினால் அணில் ஏறப் பார்க்கும். அவனுக்கு மனசில் ஒரு தாங்கல் மட்டும் உண்டு. கும்பிட வருகிறவர்கள் சாமியைப் பார்ப்பார்கள், தீபத்தைப் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவள் கழுத்துக் காசுமாலையைப் பார்ப்பார்கள். தூணைச் செய்தவன் யார் என்று கேட்க அவர்களுக்கு நேரம் ஏது? முப்பது வருஷமாக உளி பிடித்தவன், இன்னும் ஒருவர் வாயிலிருந்தும் நல்ல வார்த்தை ஒன்று கேட்டதில்லை.

அப்படிப்பட்டவன் பட்டறைக்கு ஒருநாள் சாயங்காலம் யாளி வந்தது. முடிந்த முதல் தூணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அடியில் தாமரை, நடுவில் கொடி, உச்சியில் கவிழ்ந்த வாழைப்பூ. பார்த்து முடித்ததும் விட்டதே ஒரு முழக்கம்! எழுவனுக்கு மூன்று நாள் காது அடைத்துப்போயிற்று. ஆனால் மனசு நிறைந்துவிட்டது. முப்பது வருஷப் பசி ஒரே நொடியில் தீர்ந்ததை எண்ணி அவன் தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் அந்தத் தூணில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் கண்டது. கல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டான். அடுத்த தூணுக்கும் யாளி முழங்கியது, அதுவும் விரிந்தது. அப்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தூணை முடித்துவிட்டு, யாளி வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

மலையில் கல் எடுத்தவர்கள் காரி என்பவளுடைய ஆட்கள். காரிக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. ஒவ்வொரு கல்லையும் சின்னச் சுத்தியால் தலைமாட்டில் தட்டுவாள். கால்மாடு வரை மணி போலக் கணீரென்று ஓடினால்தான் கீழே இறக்கவிடுவாள். கொஞ்சம் மந்தமாகக் கேட்டாலும், "இது மாட்டுத்தொட்டிக்கு ஆகும், சாமிக்கு ஆகாது" என்று ஒதுக்கிவிடுவாள். அவள் அனுப்பிய கல் மூன்று வெடித்துவிட்டது என்ற பேச்சு மலைக்கு எட்டியதும், இடுப்பில் சுத்தியைச் செருகிக்கொண்டு நேரே பட்டறைக்கு இறங்கி வந்தாள். வெடித்த தூணைத் தட்டிப் பார்த்தாள்.

"தச்சரே, இத மூணு தடவ தட்டிப் பாத்துத்தான் எறக்குனேன். அப்ப மணி மாதிரி கேட்டுச்சு. இப்ப ஓட்டப் பானை மாதிரி கேக்குது. இங்க வந்த பெறகு என்ன நடந்துச்சு?"

எழுவன் உளியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டான். "உள்ளுக்குள்ள வேரு மாதிரி கீறல், வேரோட்டம் இருந்திருக்கும் காரி. வெளிய தெரியாது."

"என் கல்லுல குத்தம்னு நீங்க சொன்னா ஊரு நம்பும். நீங்க நம்புறீங்களா?"

அவன் உளியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். காரி சுத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மலைக்குத் திரும்பினாள். சபையில் எழுவன் அதே வேரோட்டத்தைச் சொன்னான். காரி ஆட்களின் கவனக்குறைவு என்று சபை முடிவு கட்டியது. இன்னும் ஒரே ஒரு கல் வெடித்தாலும் வேலையை அப்படியே நிறுத்திவிடுவோம், ஜனங்கள் பழையபடி வெயிலிலேயே நிற்கட்டும், காரியும் ஆட்களும் மலையைவிட்டு இறங்க வேண்டியதுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டது.

அதைக் கேட்டதும் எழுவனுக்குச் சோறு இறங்கவில்லை. யாளியிடம் போனான். உன் குரலால்தான் கல் வெடிக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அது இனி எதையுமே பாராட்டாது என்று பயந்தான். அதனால் உண்மையில் பாதியை மட்டும் சொன்னான். மண்டபம் முடிகிற வரைக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இரு, முழுசாக முடித்துவிட்டு உன்னைத்தான் முதல் ஆளாகக் கூப்பிடுவேன், ஒரே பார்வையில் பார்த்துக்கொள் என்றான். யாளி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி அக்கரை போய்விட்டது.

பெரிய உத்திரக்கற்களை மேலே ஏற்ற அந்நாளில் ஒரு வழி வைத்திருந்தார்கள். தூண்களை நிறுத்தி, அவற்றின் கழுத்து வரை ஆற்று மணலைக் கொட்டி நிரப்புவார்கள். மணல்மேட்டின் மேல் உத்திரத்தை இழுத்துக்கொண்டு போய்த் தூண்களின் தலையில் வைப்பார்கள். மறுபடி மணல் போட்டு, அதன்மேல் கூரைப் பலகைக் கற்களை நகர்த்திப் பரப்புவார்கள். கடைசியில்தான் உள்ளே இருக்கும் மணலை அள்ளி வெளியே கொட்டுவது. ஆகவே மணலை எடுக்கிற வரை அந்த மண்டபம் எப்படி இருக்கும் என்று கட்டியவனுக்கே தெரியாது. பத்து மாதம் மணலுக்குள் மண்டபம் வளர்ந்தது. ஒரு கல்கூட வெடிக்கவில்லை. "யாளி போனதுலேர்ந்து எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று காரி ஒருநாள் அவன் காதுபடச் சொன்னாள். எழுவன் கேட்காத மாதிரி நகர்ந்துவிட்டான்.

பங்குனி உத்திரத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மணலை அள்ளினார்கள். காரியும் அவளுடைய ஆட்கள் நாற்பது பேரும் கூடையோடு உள்ளே இருந்தார்கள். பக்கங்களை மணல்மேடு இன்னும் அடைத்துக்கொண்டிருந்ததால், வெளியே வர முன்வாசல் ஒன்றுதான் வழி. எழுவன் முன்வரிசைத் தூணின் தாமரையைத் தேய்ப்புக்கல்லால் மெருகேற்றிக்கொண்டிருந்தான். பல வருஷம் தேய்த்துத் தேய்த்து உருண்டையாகிப்போன கல் அது. மணல் இறங்க இறங்க, உள்ளே வரிசை வரிசையாகத் தூண்கள் எழுந்து வந்தன. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கே புல்லரித்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய வேலையை முடித்துவிட்டு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எப்படி என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. நமக்கு மட்டும் தோன்றாதா என்ன? ஆற்றங்கரைக்குப் போய் மேல்துண்டை வீசிக் காட்டினான். யாளி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. உள்ளே ஆட்கள் வேலை செய்கிறார்கள், மெதுவாகப் பாராட்டு என்று மட்டும் சொல்லி அதை வாசலுக்கு அழைத்துவந்தான்.

யாளி மெதுவாகத்தான் முயன்றது. படியில் முன்னங்காலை வைத்து முதல் வரிசையை மட்டும் பார்த்தது. அது விட்டது பாதி "ஆ"தான். வாசல் உத்திரம் படாரென்று நடுவில் பிளந்து தொங்கியது. மேலே கூரைக்கல் நெரிந்தது. உள்ளே நாற்பது பேரும் கூடையைப் போட்டுவிட்டு அப்படியே நின்றார்கள்.

யாளி பாய்ந்தது. பின்னங்கால் இரண்டையும் தரையில் ஊன்றி, எழுந்து நின்று, பிளந்த உத்திரத்துக்கு அடியில் தோளைக் கொடுத்தது. உத்திரம் நின்றது.

"எழுவா, நான் என்ன செஞ்சேன்?" என்று அது கேட்டது.

"நீ ஒண்ணும் செய்யல. உன் சத்தத்துக்குக் கல்லு வெடிக்கும்னு எனக்கு முன்னமே தெரியும். என்னைப் பாராட்ட உன்ன விட்டா நாதி இல்ல, அதனால சொல்லல. பழிய காரி கல்லு மேல போட்டேன்."

உள்ளே இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். காரி அவனை ஒருமுறை பார்த்தாள். ஆட்களை ஒவ்வொருவராக வாசல் பக்கம் நகரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

உத்திரத்தின் கீழ் நின்ற யாளி, நகருகிறவர்களைப் பார்க்கத் தலையைத் திருப்பியது. அப்போதுதான் மண்டபம் முழுவதும் அதன் கண்ணில் பட்டது. நூறு தூணும் நூல் பிடித்தாற்போல நின்றன. எங்கே நின்று பார்த்தாலும் தூண்கள் விலகி வழிவிட்டன. அந்த வழியின் முடிவில் நெடும்பாறை நாதரின் தீபம் தெரிந்தது. ஒன்றில் பூத்த தாமரை மற்றொன்றில் இல்லை. கூரையில் ஒரு பெரிய கல்மலர் கவிழ்ந்திருந்தது, அதன் இதழ்களைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கிக் கொத்தின. வெளியே கொளுத்திய வெயில் உள்ளே வந்ததும் பால் வெளிச்சமாகிக் குளிர்ந்து கிடந்தது. மனிதக் கை செய்த காரியத்தில் இவ்வளவு அழகை யாளி அதற்குமுன் கண்டதில்லை. அதன் நெஞ்சு விம்மிப் புடைத்தது.

எழுவனுக்கு அது புரிந்துவிட்டது. இந்த முழக்கம் வெளியே வந்தால் மண்டபமே மிஞ்சாது. நாற்பது பேரில் ஒருவர்கூட மிஞ்சமாட்டார்.

"எழுவா, என்னால அடக்க முடியாது," என்றது யாளி, பல்லைக் கடித்துக்கொண்டு. "எதையாச்சும் என் வாயில போடு. சீக்கிரம்."

கையில் இருந்தது தேய்ப்புக்கல் ஒன்றுதான். யாளி அகலத் திறந்த வாயில் அதை வைத்தான். பற்கள் மூடிக்கொண்டன. தொண்டையிலிருந்து கிளம்பிய முழக்கம் அந்தக் கல்லில் வந்து மோதியது, கல் கடகடவென்று வாய்க்குள் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. கூரையிலிருந்து கொஞ்சம் மணல் உதிர்ந்தது, அவ்வளவுதான். யாளியின் வயிற்றுக்கு அடியில் குனிந்து நாற்பது பேரும் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவள் காரி. அவள் யாளியின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பனங்கட்டையும் தேக்குக்கட்டையும் முட்டுக்கொடுக்கக் கொண்டுவந்தார்கள். யாளி வேண்டாம் என்று தலையை அசைத்தது. தோளை இம்மி எடுத்தாலும் உத்திரம் போய்விடும்; கல்லைத் துப்பினால் முழக்கம் வந்துவிடும். அதைவிட, அதற்கு அங்கிருந்து கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றது.

எழுவன் சபைக்குப் போய்த் தானே எல்லாவற்றையும் சொல்லி, காரியின் காலடியில் உளியை வைத்தான். அவள் அதை எடுத்துத் திருப்பி அவன் கையில் கொடுத்தாள். "எனக்கு எதுக்கு இது? போய் வேலையப் பாருங்க," என்றாள். சொன்ன குரலில் கோபம் முழுசாகப் போய்விடவில்லை.

பங்குனி உத்திரத்தன்று ஜனங்கள் குடத்தோடு வந்து நிழலில் நுழைந்தார்கள். அந்த வருஷம் ஒருவரும் விழவில்லை. கூட்டம் ஓய்ந்த பிறகு காரி யாளிக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள், அது திரும்பவில்லை. பழக்கதோஷத்தில் சுத்தியால் அதன் காலை லேசாகத் தட்டினாள். காலிலிருந்து தலைவரை மணி போலக் கணீரென்று ஓடியது. தண்ணீர்க் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு அவள் விம்மி விம்மி அழுதாள்.

கல்லாகிப்போன யாளி தனியாக நிற்கக் கூடாது என்று எழுவன் நினைத்தான். காரி தேர்ந்து கொடுத்த கற்களில் அதே உருவத்தை மறுபடி மறுபடி செதுக்கி, வரிசையாக அதன் பக்கத்தில் நிறுத்தினான். ஒவ்வொன்றின் வாயிலும் பல்லிடுக்கு வழியாக உளியை விட்டு, அதே கல்லிலேயே ஓர் உருண்டை கடைந்தான். விரல் விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. மற்ற ஊர்த் தச்சர்கள் வந்து பார்த்துப் போய்த் தங்கள் கோயில்களிலும் அப்படியே செய்தார்கள்.

கோயில் தூண்களில் யாளி பின்னங்காலில் எழுந்து நின்று கூரையைத் தாங்குவதும், அதன் வாயில் கல் உருள்வதும் அன்று தொடங்கியவைதான். அந்த மாதிரி ஒரு மண்டபத்துக்குள் முதல் தடவை காலெடுத்து வைத்து அண்ணாந்து பார்க்கிற நமக்கு, வாய் தானாகத் திறந்துகொண்டு சொல் மட்டும் வராமல் போவதும் அன்று முதல்தான்.