இல்லைச் சாமியின் சீடர்

கருவேலங்காட்டைத் தாண்டினால் ஒரு சின்னக் குன்று வரும். அந்தக் குன்றடியில் ஒரு சாமி இருந்தார். வாழ்க்கையில் சுகம் உண்டா என்று கேட்டால் இல்லை என்பார். செத்த பிறகாவது உண்டா என்றால் அதற்கும் இல்லை என்பார். பிறந்ததால் யாருக்காவது லாபம்? இல்லை. சுற்றுவட்டாரத்தில் அவருக்கு இல்லைச் சாமி என்றே பெயராகிவிட்டது. நல்ல வார்த்தை கேட்க வந்தவர்கள் அவசரமாகக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

சோலையப்பன் மட்டும் போகவில்லை.

சோலையப்பன் ஐம்பதைத் தாண்டியவர். சாமியைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஊரில் துணிக்கடை வைத்திருந்தார். காலங்கடந்து பிறந்த ஒரே மகன், ஊருணியில் குளிக்கப் போனவன், படியில் வழுக்கி மூழ்கிப் போனான். துக்கம் கேட்க வந்தவர்கள் ஏதேதோ சொன்னார்கள். ஆண்டவனுக்குப் பிடித்த பிள்ளை என்றார்கள். உங்கள் குலத்திலேயே மறுபடி பிறப்பான் என்றார்கள். ஒவ்வோர் ஆறுதலும் அவருக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. கால் போன போக்கில் நடந்தவர் ஒருநாள் இந்தக் குன்றடிக்கு வந்து சேர்ந்தார்.

"சாமி, இந்த வலி போகுமா?"

"போகாது."

மகன் போன பிறகு அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டு அழுதார். அழுது முடித்து அங்கேயே தூங்கினார். அதன்பிறகு வீட்டுக்குப் போகவில்லை.

சாமியின் வார்த்தையே அவருக்கு வழியாயிற்று. கடையைத் திறந்தால் என்ன பயன்? ஊர் உறவால் என்ன பயன்? கேள்வி எழும்போதெல்லாம் சாமியின் 'இல்லை'யை எடுத்து அதன் மேல் வைப்பார். கேள்வி அடங்கிவிடும். வீட்டில் மனைவி உமையாள் தனியாக இருக்கிறாளே என்ற நினைப்பு வரும்போதும் அதையேதான் வைத்தார். அந்த நினைப்பு மட்டும் அடியிலிருந்து நெளிந்துகொண்டே இருந்தது.

கோடையில் ஒருநாள், உச்சிவெயிலில், ஒற்றைமாட்டு வண்டி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. உமையாளின் தம்பி வயிரவன் குதித்து இறங்கினான்.

"அத்தான், அக்கா ஊருணிப் படிய விட்டு எந்திரிக்க மாட்டேங்குது. நேத்துக் காலையில போயி உக்காந்ததுதான். சோறு தண்ணி இல்ல. தண்ணியவே பாத்துக்கிட்டு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"என் பொண்டாட்டி நிக்கிறா. எட்டத்தான் நிக்கிறா. கிட்ட யாரையும் விடல."

"என்னைக் கூட்டியாரச் சொன்னாளா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

அதற்குள் மாட்டின் முன்னங்கால்கள் மடிந்தன. வாயில் நுரை தள்ளியது. வயிரவன் பதறி நுகத்தடியைக் கழற்றினான். மாடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டான். "கண்ணுமண்ணு தெரியாம விரட்டிட்டேனே!" பிறகு, "பக்கத்து ஊர்ல வேற வண்டி கேட்டுட்டு வர்றேன், கிளம்பி இருங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

சாமி ஒரு சட்டியில் தண்ணீரும் ஒரு துணியும் எடுத்து வந்து மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்தார். துணியை நனைத்து அதன் வாயோரம் பிழிந்தார். ஒரு வேப்பங்கொத்தால் அதன் கண்ணுக்கு மேலே மெதுவாக வீசத் தொடங்கினார்.

சோலையப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்பை மாட்டினார், கழற்றினார். பாதை வரைக்கும் போனார். திரும்பி வந்தார்.

"சாமி, நான் போனா அவ துக்கம் தீருமா?"

"தீராது."

அப்பாடா என்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"போகாம இருந்தா?"

"தீராது."

"எதிரெதிரே உக்காந்து ரெண்டு பேரும் அழுவோம். அதுல யாருக்கு என்ன லாபம்?"

"லாபம் இல்லை."

"அப்போ நான் போக வேண்டாம். அப்படித்தானே?"

சாமி துணியை நனைத்துப் பிழிந்தார்.

"சொல்லுங்க சாமி. உங்க வார்த்தைய வச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் உசிரோட இருக்கேன். ஒரே ஒரு வார்த்தை. போகவா, இருக்கவா?"

"இப்படி வந்து நில்லுங்க," என்றார் சாமி. "மாட்டு முகத்துல வெயில் அடிக்குது."

சோலையப்பன் போய் நின்றார். அவருடைய நிழல் மாட்டின் முகத்தில் விழுந்தது. சற்று நேரம்கூட அவரால் நிற்க முடியவில்லை. கால் மாற்றினார், பாதையைப் பார்க்கத் திரும்பினார். நிழல் விலகியது. மாடு கண்ணை இடுக்கியது.

"நகராதீங்க."

மறுபடி நின்றார். முதுகு காய்ந்தது. உமையாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குள்ளேயே வந்து நின்றது. போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் உள்ளே ஏதோ பிய்ந்தது.

"சாமி, இந்த மாடு பிழைக்குமா?"

"பிழைக்காது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவும்?" அவர் கத்தியே விட்டார். "தண்ணி எதுக்கு? நிழல் எதுக்கு? செத்துப்போற மாட்டுக்கு விசிறி எதுக்கு?"

சாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. வேப்பங்கொத்து வீசிக்கொண்டே இருந்தது.

"ஈ மொய்க்குதே," என்றார்.

சோலையப்பன் மாட்டின் முகத்தைப் பார்த்தார். மாட்டின் மூச்சு மட்டும் கேட்டது. அது நீளமாக வந்தது, பிறகு சின்னதாக வந்தது, பிறகு வரவில்லை. சாமி அதன் இமையை மூடிவிட்டார். அதன்பிறகும் கொஞ்ச நேரம் விசிறினார். அவ்வளவு நேரமும் தாம் அசையாமல் நின்றிருந்தது சோலையப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் விடைபெற்றுக்கொள்ளவில்லை. வண்டிக்கும் காத்திருக்கவில்லை. பாதையில் இறங்கி நடந்தார். நடை ஓட்டமாயிற்று. பாதி வழியில் இரவல் வண்டியோடு வயிரவன் எதிர்ப்பட்டான். வண்டியைத் திருப்பி அவரை ஏற்றிக்கொண்டான். உமையாளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தார். ஊர் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

ஊருணிக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மேட்டில் வயிரவனின் மனைவி நின்றிருந்தாள். உமையாள் கடைசிப் படியில், தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். தலையை அவள் திருப்பவில்லை. நடையை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துகொண்டாள்.

"உங்க சாமி என்ன சொல்லி அனுப்புனாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

அவர் படியிறங்கி, அவளுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தார். மகனைக் கொண்டுபோன நாளிலிருந்து அந்தத் தண்ணீரை அவர் தொட்டதில்லை. காலை விட்டார். சில்லென்றிருந்தது. எடுக்காமல் இருந்தார்.

அக்கரையில் கொக்குகள் அடைந்தன. வீடுகளில் விளக்கு ஏற்றும் நேரம் வந்தது.

வெகுநேரம் கழித்து உமையாள் அவர் கையைப் பிடித்தாள்.

"அந்தப் படி வழுக்கும்," என்றாள். "இந்தப் பக்கம் வாங்க."