தாசையன் கணக்கில் ஒரு அட்ஜஸ்ட்மென்ட்

கணக்கு ஜீரோவுக்கு வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று ஞானதாஸ் நம்பினார். கூட்டுறவு சொசைட்டியில் முப்பது வருஷம் அப்படித்தான் நம்பினார், அப்படியே ரிட்டயரும் ஆனார்.

இப்போது நாகர்கோவிலில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை. வேலை கற்றுக்கொடுப்பவள் எமல்டா. அவருக்கு ஐம்பத்தொன்பது. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. முதல் வாரம் கிண்டலுக்குத்தான் "டீச்சர்" என்று கூப்பிட்டார். இரண்டாவது வாரம் கிண்டல் போய்விட்டது, டீச்சர் மட்டும் நின்றது.

அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், நோயாளி கணக்கில் எந்த வரியையும் அழிக்க முடியாது. அதற்கு அடியில் இன்னொரு வரி போட்டுத்தான் குறைக்கலாம். அதற்குப் பேர் அட்ஜஸ்ட்மென்ட். பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். நோயாளி தரப்பில் கையெழுத்து வாங்க வேண்டும்.

அன்று காலை டாக்டர் உள்ளேயிருந்து போன் அடித்தார்.

"தாசையன் கணக்குல பாக்கி ரெண்டாயிரத்து ஐநூறு இருக்குல்லா, அதைத் தள்ளிருங்க. காரணம் சலுகைன்னு போடுங்க."

சுற்றி வளைக்க இதில் ஒன்றுமில்லை. தாசையன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். கீழ்வரிசைக் கடைசிப் பல் சொத்தை. டாக்டர் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த நல்ல பல்லைத் தோண்டி ரூட் கெனால் செய்துவிட்டார். வலி நிற்கவில்லை என்று மறுபடி வந்தபோது எடுத்த எக்ஸ்ரேயில் வண்டவாளம் தெரிந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினார். பைலில் மட்டும் கடைசிப் பல்லில் வேலை முடிந்தது என்றே இருந்தது. சீழ் கழுத்துக்கு இறங்கி, தாசையன் இப்போது மெடிக்கல் காலேஜில் தொண்டையில் குழாயோடு கிடந்தார்.

டாக்டருக்குத் தெரியும். எமல்டாவுக்குத் தெரியும். ஞானதாஸுக்கும் தெரியும். தெரியாதது தாசையனுக்கும் அவர் பெண்டாட்டி தங்கபாய்க்கும்தான். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"சலுகைன்னு போட்டாலும் ஜீரோ. தப்புப் பல்லுன்னு போட்டாலும் ஜீரோ. பெறவு காரணத்துல என்ன இருக்கு?"

எமல்டா சலுகை என்று அடித்தாள், பிரிண்ட் எடுத்தாள், அவர் கையில் கொடுத்தாள்.

"கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"இதுதான் பதிலா?"

"போயிட்டு வாங்க."

போனார். தங்கபாய் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள்.

"பாக்கி கட்ட வேண்டாம்மா. டாக்டர் தள்ளிட்டாரு. இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

"முழுசுமா சார்?"

"முழுசும்."

"அவியளுக்குப் பேச்சு இல்ல சார். பேப்பர்ல எழுதிக் காட்டுகாவ, பல்லு டாக்டருக்குப் பாக்கி குடுத்தியான்னு. கம்மலக் கழத்தலாம்னு இருந்தேன்." அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "டாக்டர் பிள்ளகுட்டியோட நல்லா இருக்கணும். நீங்களும்."

ஞானதாஸ் கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை.

"இன்னொரு உபகாரம் சார். அங்க பெரிய டாக்டர் கேக்காரு, எந்தப் பல்லுல வேலை பாத்தாவன்னு. மத்தியானம் ஆபரேசன் வச்சிருக்கு. பைலப் பாத்து எழுதித் தாங்க."

"இருங்க, வாறேன்."

உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தார்.

"வாங்கலியா?"

"பேனா எழுதல."

"எனக்க பேனா தரட்டா?"

அவர் சீட்டை மேசையில் வைத்தார். "நீங்க இப்பிடிப் போட்டிருக்கியளா டீச்சர்?"

"ஒரு தடவ."

"யாருக்கு?"

"பத்து வயசுப் பய ஒருத்தன். பால்பல்லுன்னு நெனச்சு, விழுந்து முளைச்ச பல்லப் பிடுங்கிட்டாவ. தொள்ளாயிரம் ரூவா பில்லு. சலுகைன்னு போட்டேன். அவனுக்க அம்மா கும்பிட்டுட்டுக் கையெழுத்து போட்டாவ."

"பெறவு?"

"நாலு வருசமாச்சு. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எனக்கு முறுக்கு சுட்டுக் கொண்டு வருவாவ. பிள்ளைக்குப் பல்லு எப்ப முளைக்கும்னு கேப்பாவ."

"நீங்க என்ன சொல்லுவிய?"

"முளைக்கும்னு சொல்லுவேன்."

டாக்டர் அறையிலிருந்து போன் அடித்தது. அடித்து அடித்து நின்றது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"எனக்க வேலை போயிரும் டீச்சர்."

"போகும்."

"இந்த வயசுல எவன் வேலை தருவான்?"

"எவனும் தர மாட்டான்."

ஒரு ஆறுதலுக்காவது இல்லை என்று சொல்லுவாள் என்று பார்த்தார். அவள் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள், அவ்வளவுதான்.

ஞானதாஸ் சலுகைச் சீட்டைக் கிழித்தார். சலுகை வரிக்கு அடியில் அதை ரத்து செய்து ஒரு வரியும், அதற்கடியில் புது வரியும் போட்டார். காரணம் என்ற இடத்தில் 'தவறான பல்லில் சிகிச்சை' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். ஒரு வெள்ளைத்தாளில், கடைசிப் பல்லை இங்கே யாரும் தொடவில்லை, பக்கத்துப் பல்லில்தான் வேலை நடந்தது என்று எழுதி, அடியில் தன் பேரைப் போட்டார். எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

கண்ணாடிக்கதவு மூடியது. அவர் பேசுவது உள்ளே கேட்கவில்லை. நிறையப் பேசவும் இல்லை.

திரும்பி வந்தபோது சட்டைப்பை மேல் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தார்.

"பேப்பர வாங்கிட்டாவளா?"

"வாங்கிட்டாவ. எக்ஸ்ரேயும்."

"கையெழுத்து?"

"போடல. எனக்க மொகத்தையே பாத்தாவ. பெறவு காறித் துப்பிட்டு ஓடிட்டாவ."

எமல்டா அந்த எச்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்து வச்சவரு நீங்க, அண்ணாச்சி."