நீலம் எங்கிருந்து வந்தது

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. திண்டுக்கல் பைபாஸில் கார்களைக் கழுவிப் பளபளப்பாக்கித் தரும் அந்தக் கடையில் இதை யாரும் விநோதமாக நினைப்பதில்லை. ஜெய்துனை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். தான் வேலை பார்த்த நூற்பாலையை இழுத்து மூடிய பிறகு அவளிடம் தொழில் கற்க வந்த சவரிமுத்துவும் மாஸ்டர் என்றே கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள்.

சவரிமுத்து களைத்துப்போயிருந்தார். ஒருநாள் களைப்பு என்றால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். இது ஏழு மாதக் களைப்பு.

மாசி மாதத்தில் ஒரு கறுப்புக் காரின் கதவு விளிம்பில் காப்புக்கு டேப் ஒட்ட மறந்து, தேய்த்து மெருகேற்றும் பஃபிங் மெஷினை ஓட்டிவிட்டார். அது சுழன்ற வேகத்தில் விளிம்புப் பெயின்ட் கருகி, அடியிலிருந்த சாம்பல் பூச்சு பல்லைக் காட்டியது. ஜெய்துன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவு முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்து வண்டியை அனுப்பிவைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனுஷர் அன்றைக்கே நிம்மதியாகியிருப்பார்.

அன்றிலிருந்து கடை திறக்கும் முன்பே வந்து நிற்கிறார். அடுத்தவர் வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறார். பாதி நாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலிக்கிறது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆயுத பூஜை முடிந்த பத்தாம் நாள் ஒரு பழைய நீல அம்பாசிடர் வந்தது. ஓய்வுபெற்ற சர்வேயர் அழகிரியின் வண்டி. பூஜையன்று பானெட் நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறார். கழுவினால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று பத்து நாளும் அப்படியே வெயிலில் நிறுத்திவிட்டார். இப்போது கழுவிய பின்னும் எட்டணாக் காசு அகலத்தில் ஒரு சிவந்த வட்டம் போகாமல் நின்றது.

"கறை தெரியக்கூடாதுப்பா. நாலு மணிக்கு வர்றேன்."

"தெரியாது சார்," என்றார் சவரிமுத்து. மாஸ்டரைக் கேட்காமலே சொன்னார்.

அவர் ஒரு முடிவு எடுத்திருந்தார். இந்தக் கறை போனால் இந்தத் தொழிலில் இருப்பது. போகாவிட்டால் மெஷினைக் கீழே வைத்துவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுவது.

விளிம்பெல்லாம் டேப் ஒட்டினார். ஒட்டியதை இரண்டு தரம் தடவிப் பார்த்தார். பாலிஷைத் தொட்டு வைத்து மெஷினை ஓட்டினார். அழுத்தாதீங்க, மெஷின் கனமே போதும் என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆனால் கறை மசியவில்லை. கொஞ்சம் சாய்ந்தார். பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உடம்பு மொத்தமும் மெஷின்மேல் இருந்தது.

மெஷினின் முனையில் மாட்டியிருந்த பஞ்சுப் பேடு நீலமாகிக்கொண்டே வந்தது. புது வண்டிகளில் பேடு இப்படி நிறம் மாறாது; இத்தனை பழைய வண்டியை அவர் அதுவரை தொட்டதில்லை. அழுக்கு கழல்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

திடீரென்று மெஷின் நின்றது. ஜெய்துன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள்.

"என்ன பண்றீங்கண்ணே?"

"பாலிஷ் போடுறேன் மாஸ்டர்."

அவள் மெஷினை வாங்கிப் பேடைத் திருப்பிக் காட்டினாள்.

"இது என்ன நிறம்?"

"நீலம்."

"பாலிஷ் என்ன நிறம்?"

"வெள்ளை."

"அப்ப இந்த நீலம் எங்கேருந்து வந்துச்சு?"

சவரிமுத்து பானெட்டைக் குனிந்து பார்த்தார். வட்டத்தைச் சுற்றி நீலம் வெளிறியிருந்தது.

"பாலிஷ் போடுறோம்னு ஊரே சொல்லுது," என்றாள் ஜெய்துன். "போடுறதில்லண்ணே, எடுக்கிறது. மேல இருக்கிறதைத் துளி எடுத்தாத்தான் மினுக்கு வரும். போடுறது மெழுகு மட்டுந்தான்."

"கறை இன்னும் இருக்கே?"

"அது உள்ள இறங்கிருச்சு. அது போற வரைக்கும் எடுத்தா தகரந்தான் மிஞ்சும்."

"சார்கிட்ட தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்னு சொல்லிருங்க."

மெழுகு டப்பாவை பானெட் ஓரத்தில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

சவரிமுத்து கையாலேயே மெழுகு பூசினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மெழுகு காய்ந்ததும் துணியால் துடைத்தார். வண்டி கண்ணாடியாய் மின்னியது, நடுவில் அந்த வட்டத்தோடு.

அழகிரி நாலு மணிக்குச் சரியாக வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, பானெட் முன்னால் நின்றார்.

"பொட்டு அப்படியே இருக்கே?"

"இருக்கு சார். இதுக்கு மேல தேய்ச்சா பெயின்ட் போயிரும். தெரியாதுன்னு சொன்னது என் தப்பு."

அழகிரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் வச்சதுதானே," என்று முணுமுணுத்தார். "வேற யாரைச் சொல்ல?"

வண்டி பைபாஸில் ஏறிப் போனது. சவரிமுத்து அது மறையும்வரை பார்த்துவிட்டு ஜெய்துனிடம் வந்தார். அவள் மெஷின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேருந்து வரலை மாஸ்டர்."

"ஏன்?"

"அந்தக் கறுப்புக் கதவுக்கு ஈடா இதையாவது ஒழுங்கா முடிச்சிரலாம்னு பார்த்தேன். முடியலை. இன்னும் எத்தனை வண்டி செஞ்சா அந்தத் தப்பு சரியாகும்னும் தெரியலை. உடம்பு தாங்கலை மாஸ்டர்."

ஜெய்துன் ஒயரைச் சுற்றி முடித்தாள்.

"அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிச்சு அன்னிக்கே அனுப்பியாச்சு," என்றாள். "ஏழு மாசமா நீங்க எதைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்கண்ணே?"