கைதியின் கஞ்சியில் விழுந்த உப்பு

புன்னை நாட்டு அரசன் சேந்தமாறனின் சபையில் வீரம் வழிந்தோடியது. சபையோரில் பாதிப்பேர் போர்க்களத்தைச் சுவர்ச் சித்திரத்தில்தான் பார்த்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அண்டை நாட்டோடு போர் நடந்த காலம் அது. எதிரியின் ஒற்றன் சாத்தன் காலில் புண்ணோடு பிடிபட்டுக் கோட்டைச் சிறையில் கிடந்தான். எதிரிப்படை எந்த வழியாக வரும் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. "பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டினால் ஊமையும் பேசுவான்" என்றார் அமைச்சர் நாவுடையார். அன்னார் வாழ்நாளில் பிடித்த கனமான ஆயுதம் பாக்குவெட்டி. சபை ஆகா என்றது.

அந்த நாட்டில் ஒரு மரபு உண்டு. கோட்டை உப்பைத் தின்றவன்மேல் எவரும் கை வைக்கக் கூடாது, அரசனே ஆனாலும். இத்தனை உயர்ந்த மரபை அந்தப் புண்ணியவான்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் தெரியுமா? கைதிகளுக்கு உப்பில்லாக் கஞ்சி ஊற்றினார்கள். மரபுக்கும் பங்கமில்லை, இரும்புக்கும் தடையில்லை.

சேதி கேட்டு, வாளை இறக்கி வைத்துவிட்டு வீட்டோடு இருந்த மூன்று பழைய தளபதிகள் சபைக்கு வந்தார்கள். கைதியை வதைக்கக் கூடாது என்றார்கள். நாவுடையார் சிரித்தார். "கையில் வாள் இருந்தவரை வராத கருணை, முட்டி வலிக்க ஆரம்பித்ததும் வந்துவிட்டதாக்கும்!"

மழவராயர் முதலில் பேசினார். "மன்னா, சூடு பட்டவன் உண்மையைச் சொல்ல மாட்டான். சூடு நிற்பதற்கு எது வேண்டுமோ அதைச் சொல்வான். அப்படி ஒருவன் சொன்னதை நம்பித்தான் என் படையைச் சேற்றில் இறக்கினேன். ஒரு நாள் பொறுங்கள். என் ஆட்கள் போய் வழியைப் பார்த்து வரட்டும்." அரசன் ஒரு நாள் கொடுத்தான்.

அடுத்து சேதிராயர். பேச்சென்றால் அதுவல்லவோ பேச்சு! கைதியை "என் மகனே" என்றார். அறம் என்றார், முன்னோர் என்றார், கண்ணீர் விட்டார். சபையே மூக்கை உறிஞ்சியது. அந்த உருக்கத்தில் அரசன் எழுந்து, "எந்நாளும் மரபு மீறேன்" என்று செங்கோல்மேல் ஆணையிட்டான். கஞ்சியில் உப்பில்லை என்பது தெரிந்தவனுக்கு ஆணையிடுவதில் என்ன நஷ்டம்? பசி வந்தால் பத்தும் பறந்துபோகுமல்லவா, சேதிராயர் அத்தோடு சாப்பிடப் போய்விட்டார்.

மூன்றாமவர் விழுப்பரையருக்குப் பேச வராது. "என் மகன் கண்டன் அவர்களிடம் பிடிபட்டிருக்கிறான். இவனுக்கு நாம் செய்வதைத்தான் அவனுக்கு அவர்கள் செய்வார்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மழவராயரின் ஆட்கள் வழி தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். "இனி மன்னர் விருப்பம்" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூடவே இன்னொரு சேதி வந்தது. எதிரிகள் கண்டனை இரும்பால் சுட்டே கொன்றுவிட்டார்கள்.

அரசன் விழுப்பரையரைப் பார்த்தான். "சாத்தனை உமக்கே தந்தேன். பொழுது சாயும்வரை பழியைத் தீர்த்துக்கொள்ளும். மிச்சம் இருந்தால் அமைச்சருக்கு."

கிழவர் சிறைக்குள் போனார். சாத்தன் கஞ்சிக் கலயத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் தலைமயிரைப் பற்றி முகத்தை நிமிர்த்தினார். "உன்னைப் பார்த்தாலே வயிறு எரிகிறதடா" என்று முகத்தில் காறித் துப்பினார். இடுப்புக் கத்தியைப் பாதி உருவி, திரும்ப உறைக்குள் தள்ளினார். பிறகு காவலனைப் பார்த்து, "கோட்டை மடைப்பள்ளியில் உப்பு வாங்கி வா" என்றார்.

காவலன் கொண்டுவந்து நீட்டினான். "புண்ணிலே தேய்க்கட்டுமா ஐயா?"

"கஞ்சியில் போடடா."

பிறகு சாத்தனிடம் திரும்பி, "குடி, நாயே" என்றார். அவன் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

மாலையில் கனன்ற இரும்போடு ஆவலாக இறங்கி வந்த நாவுடையார், அது ஆறிப்போகும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றதுதான் மிச்சம். ஆணையிட்ட அரசனால் மரபை மீற முடியவில்லை.

மழைக்காலம் வந்தது. இரண்டு அரசர்களும் சலித்துப்போய்ச் சமாதானம் செய்துகொண்டார்கள். எதற்காகச் சண்டை என்பது அதற்குள் இருவருக்குமே மறந்துபோயிருந்தது. சாத்தனுக்கு விடுதலை கிடைத்தது.

விடுதலையானவன் தன் உயிரைக் காத்தவர் ஒருவர் காலில் மட்டும் விழுந்து, அவர் பெயரைத் தன் தலைப்பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். உடனே பட்டு உடுத்திக்கொண்டு இருவர் முன்னால் வந்து நின்றார்கள்.

"நான் வாங்கித் தந்த ஒரு நாள் இல்லாவிட்டால் உப்புக்கு ஏது வேலை?" என்றார் மழவராயர்.

"நான் வாங்கித் தந்த ஆணை இல்லாவிட்டால் உப்புக்கு ஏது மதிப்பு?" என்றார் சேதிராயர்.

வரச்சொன்னதற்காக வந்திருந்த விழுப்பரையர் ஓரமாக நின்றார். "முகத்தில் துப்பியவர் காலிலா விழுவான்?" என்று சபை சிரித்தது.

சபை கிடக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள், சாத்தன் யார் காலில் விழுவது சரி?

விடை: விழுப்பரையர் காலில்தான். மழவராயருக்கு இரும்பு பயன்படாது என்பதுதான் குறை. பயன்படும் என்று தெரிந்திருந்தால் துருத்தியை அவரே ஊதியிருப்பார். சேதிராயரின் இரக்கம் பொய்யன்று, ஆனால் சாப்பாட்டு வேளை வரைக்கும்தான் அதற்கு ஆயுள். உப்பைத் தின்றவன்மேல் கை வைக்காதே என்ற மரபு அவன்மேல் பிரியம் உள்ளவர்களுக்காக ஏற்பட்டதன்று. அவனைக் கொன்றுபோடக் காரணம் உள்ளவனுக்காக ஏற்பட்டது. அப்படிக் காரணமும் அனுமதியும் கையில் கத்தியும் இருந்தவர் அங்கே ஒருவர்தான். உப்பைப் போட்டு அவர் முதலில் கட்டியது தம் கையைத்தான். சாத்தனும் அவர் காலில்தான் விழுந்தான். கிழவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "உன்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் பிள்ளைக்கு என் பெயர் வேண்டாம், கண்டன் என்று வை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.