எள்ளுருண்டையும் ராஜசின்னமும்

பூவரசூரை ஆண்டவர் விசித்திர கேசரி மகாராஜா. ஆண்டார் என்பதைவிட அலங்கரித்தார் என்பதே பொருத்தம். பட்டத்துக்கு வந்தபோது அவருடைய சின்னம் சிங்கம். "சிங்கத்தை எல்லா ராஜாவும்தான் வைத்திருக்கிறார்கள்" என்றார் அலங்கார மந்திரி சொர்ணபூஷணம். சிங்கம் மயிலாயிற்று. மயில் அன்னமாயிற்று. இந்த அமாவாசைக்கு முதலை வந்தது, வாயில் தாமரையைக் கவ்விக்கொண்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர்களிடம் மந்திரி, "உணர வேண்டும்" என்றார். யாரும் உணரவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். அரண்மனைச் சோறு சாப்பிடுகிறவர்கள் வேறென்ன செய்வார்கள்.

கோட்டை வாசலுக்கு எதிரே எள்ளுருண்டை விற்றாள் வஞ்சி. கைக்குழந்தைக்காரி. அவள் பொட்டலம் எப்போதும் தேக்கிலை, சிவப்பு நூல், ரெட்டை முடிச்சு. கடை முகப்பிலும் ஒரு தேக்கிலை, அதே நூலில் கட்டித் தொங்கும். பிள்ளை தூங்கும் தூளிகூட அதே சிவப்பு. எழுத்து தெரியாதவர்களும் சந்தைக் கூட்டத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு வந்துவிடுவார்கள்.

வினை அங்கேதான் வந்தது. தெருவில் விளையாடிய பிள்ளைகளிடம் மந்திரி புதுக் கொடியைக் காட்டி, "இது யாருடையது?" என்று கேட்டார்.

"பல்லி மருந்து விக்கிறவரோடது" என்றது ஒரு வாண்டு.

ஆனால் கீழே கிடந்த சிவப்பு நூலைப் பார்த்ததும், "அது வஞ்சியக்கா எள்ளுருண்டை" என்று எல்லாம் ஒரே குரலில் சொல்லின.

மறுநாள் காலையில் வஞ்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சபையில் நின்றாள். தலையைத் தூக்கவில்லை. பிள்ளை மட்டும் ராஜாவின் தலைப்பாகையைப் பார்த்துச் சிரித்தது. அதற்கென்ன தெரியும்.

"மகாராஜாவைவிட எள்ளுருண்டை பெரிய ஆளா?" என்று ஆரம்பித்தார் மந்திரி. "இவள் கடையில் எல்லாம் ஒரே மாதிரி, அரசே. அதே இலை, அதே நூல். கண்ணுக்கு எவ்வளவு அலுப்பு. நம்மைப் பார்த்து இவளும் மாதாமாதம் மாற்ற வேண்டும்."

"மாத்தினா எப்படிங்க?" என்றாள் வஞ்சி. "அந்த நூலைப் பாத்துத்தான் வாங்குறாங்க. நாளைக்கு வேற மாதிரி கட்டினா, வேற யாரோ கடைன்னு தாண்டிப் போயிடுவாங்க. இந்தப் பிள்ளைக்கு நான் என்ன கொடுப்பேன்?"

"எதிர்த்துப் பேசுகிறாளே" என்றார் ராஜா. "சரி, நாளை முதல் கடை கிடையாது."

தூணோரம் நின்ற அரண்மனை விகடகவி தத்தன் தொண்டையைச் செருமினான். சபை முழுக்கத் தலையாட்டும் நேரத்தில் அவனுக்கு மட்டும் கழுத்து வலி வந்துவிடும். அப்படிப்பட்ட ஆள்.

"நல்ல தீர்ப்பு, அரசே. ஆனால் பாதியில் நிற்கிறது. ராஜசின்னம் இல்லாத எதுவும், யாரும், இன்று முதல் கோட்டைக்குள் நுழையக் கூடாது என்றும் சேர்த்து உத்தரவிடுங்கள். அப்போதுதான் முதலைக்கு மரியாதை."

மந்திரிக்குப் புல்லரித்தது. ராஜா உத்தரவிட்டார்.

'இந்தத் தத்தனை நல்லவன்னு நெனச்சேனே, பாவி' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வஞ்சி கடைக்குத் திரும்பினாள். கடைசி நாள். கை பழக்கத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ராஜாவும் மந்திரியும் ஆற்றங்கரைச் சவாரி முடிந்து பசியோடு திரும்பினார்கள். வாசலில் காவல் தலைவன் இரும்பன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

"மன்னிக்கணும். சின்னத்தைக் காட்டுங்க."

"டேய், நான் ராஜா."

"இருக்கலாமுங்க. காலையில எனக்குக் காட்டினது முதலை. உங்க குடையில அன்னம் இருக்கு. குதிரைத் துணியில மயிலு. மோதிரத்துல சிங்கம். எதைன்னு நம்புறது?"

"என் முகத்தைப் பார்."

"முகத்துல சின்னம் எதுவும் இல்லீங்களே."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி தன் சால்வையைப் பார்த்தார். அதில் முயல் இருந்தது. அது அடுத்த மாதத்துக்கான மாதிரி.

அந்த நேரம் பார்த்து மகாராணியின் தோழி வஞ்சியிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். இரும்பன் அவள் கையைப் பார்த்தான். ஈட்டியைத் தூக்கி வழி விட்டான்.

வஞ்சி கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அதில் முதலை இருக்கிறதா?" என்று கத்தினார் ராஜா.

"முதலை எதுக்குங்க? அது வஞ்சியக்கா பொட்டலம். பாத்தாலே தெரியுதே" என்று சொன்ன பிறகுதான் இரும்பனுக்கு உத்தரவு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து தத்தன் நிதானமாக நடந்து வந்தான்.

"தத்தா, நான் யார் என்று இவனிடம் சொல்."

"எனக்குத் தெரியும், அரசே. உத்தரவுக்குத்தான் தெரியவில்லை. எந்த ராஜா என்று சொல்லட்டும்? மயில் ராஜாவா, அன்ன ராஜாவா?"

ராஜா நெடுநேரம் எதிர்க்கடையைப் பார்த்தார். இலை, நூல், கூடை, தூளி. "இத்தனை பொன்னும் பட்டும் போட்டோமே. நம்மிடம் இல்லாதது அப்படி என்ன அவளிடம் இருக்கிறது?"

"ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், அரசே. அவள் கடையில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. நம் அரண்மனையில் எல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது."

ராஜாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அன்னக் குடையை நிமிர்ந்து பார்த்தார். குதிரை மிரளும்படி சிரித்தார்.

கடை அங்கேயே இருக்கலாம் என்றார். சிங்கம் திரும்பி வந்தது. தத்தனுக்கு முத்துமாலை கிடைத்தது. மந்திரிக்கும் ஒன்று கிடைத்தது: ஒரு மாதம் வஞ்சியின் கடையில் பொட்டலம் கட்டும் உத்தியோகம்.

முதல் நாள் மந்திரி இலையை மடித்து, நூலைச் சுற்றி, முடிச்சுக்குப் பதில் நூலிலேயே ஒரு பூவைப் போட்டு, அதன்மேல் முதலை வாலைப் போல ஒரு குஞ்சமும் தொங்கவிட்டார். பெருமையோடு நீட்டினார்.

வஞ்சி தூளியை ஆட்டுவதை நிறுத்தினாள். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்கய்யா இது," என்றாள், "ஒரு மாதிரி இருக்கே."