யானைக் காட்டுக்குப் போன கொம்புகள்

ஒரு காட்டில் மணலாறு என்று ஓர் ஆறு இருந்தது. மாசி வரைக்கும்தான் அது ஆறு. பங்குனி பிறந்தால் வெறும் மணல். அந்த மணலுக்கு இந்தப் பக்கம் மான்நாடு, அந்தப் பக்கம் யானைநாடு.

யானைநாட்டுக்குள் ஒரு புங்க மரத்தடியில் மான்நாட்டின் தூதரகம் இருந்தது. தூதர் ஒரு கடமான். பெயர் செங்கோடர். கொம்புகள் முன்னே போகும், செங்கோடர் பின்னே வருவார் என்று அவரைக் கேலி பேசுவார்கள். அவ்வளவு பெரிய கொம்புகள், அதைவிடப் பெரிய பெருமை.

அவருக்கு உதவியாக இருந்தவள் பூளை. அவள் ஒரு சருகுமான். சருகுமான் என்றால் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தலையில் கொம்பே முளைக்காது. பூளை கூச்சக்காரி வேறு. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பாதி உடம்பு சருகுக்குள் போய்விடும்.

ஆனாலும் தூதரகத்து வேலையெல்லாம் அவள் தலையில்தான். வழி தவறி வந்த மான்குட்டிகளைக் கரை கடத்திவிடுவாள். புலி வந்தால் மான்கள் எப்படிக் குரல் கொடுக்கும் என்று யானைக் கன்றுகளுக்குக் கற்றுக்கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் யானைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். யார் முன்னே நடக்கிறார்கள், யார் பின்னே, எங்கே நிற்கிறார்கள், எதற்கு நிற்கிறார்கள் என்று எல்லாம் பார்த்து மனத்தில் முடிந்து வைத்துக்கொள்வாள். தன் குட்டி குன்றியை அக்காளிடம் விட்டுவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்திருந்தாள்.

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. மான்நாட்டு மடு பங்குனி பிறக்கும் முன்பே வற்றத் தொடங்கியது. யானைகளுக்குக் கவலையில்லை. ஆற்றில் தங்கள் பக்கத்து மணலைக் காலால் கிளறி ஊற்றுத் தோண்டி நீர் குடித்தன. அந்த ஊற்றில் மான்களும் குடிக்கலாம் என்று யானைகளின் தலைவி மலையாயி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைத்தான் தூதரகம் வாங்கித் தர வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் உண்ணிக்கொக்கு பறந்து வந்து புங்க மரத்தில் உட்கார்ந்தது. யானை முதுகில் சவாரி செய்வதும், இரண்டு கரைக்கும் வம்பு சுமப்பதும் அதன் பிழைப்பு.

"என்னடி குட்டையே, உங்கள் ஊர் மடுவைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

"எப்படி இருக்கிறது?"

"மடுவா அது? சேறு. உன் அக்காள் சேற்றை நக்கிக்கொண்டிருக்கிறாள். உன் குட்டிக்கு நக்கவும் தெம்பில்லை, படுத்தே கிடக்கிறது. இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது."

பூளை ஓடினாள். செங்கோடர் ஒரு மரத்தில் கொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இன்றைக்கே போய்த் தலைவியிடம் கேட்டுவிடலாம்."

"வெறுங்கையோடு போய்க் கேட்டால் அது பிச்சை" என்றார் அவர். "விழா எடுத்துக் கேட்டால் அது உறவு. நாளை விடிந்ததும் மான்நாட்டு விழா. ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். கொம்புகள் வருகின்றன."

மான்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் மான்கள் உதிர்க்கும் கொம்புகளை யாரும் மிதிக்க மாட்டார்கள். எடுத்துப் பாறையடியில் அடுக்கி வைப்பார்கள். புதிதாக யாரோடாவது உறவு கொண்டால் அதிலிருந்து ஒரு கொம்பை எடுத்துக் கொடுப்பார்கள். அதைவிடப் பெரிய மரியாதை அந்த நாட்டில் கிடையாது.

"எத்தனை கொம்பு, ஐயா?"

"முப்பத்தாறு. இதுவரை யாருக்கும் இப்படிக் கொடுத்ததில்லை."

பூளைக்கு அது சரியாகப் படவில்லை. போன மழைக்காலத்தில் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். நடைவழியில் காய்ந்துபோன எலும்பு ஒன்று கிடந்தது. முன்னே போன மலையாயி நின்றாள். எல்லா யானைகளும் நின்றன. ஒவ்வொன்றாக வந்து தும்பிக்கையால் அந்த எலும்பைத் தடவின. மண்ணும் தழையும் போட்டு மூடின. பிறகு பொழுது சாயும் வரை புல்லும் தின்னாமல் நீரும் குடிக்காமல் சுற்றி நின்றன.

"ஐயா, இவர்கள் எலும்பைக் கண்டால்..." என்று தொடங்கினாள்.

"கொம்பு எலும்பா?" செங்கோடர் சிரித்தார். "உன் தலையில் முளைத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். கொம்பில்லாதவளுக்குக் கொம்பைப் பற்றி என்ன பேச்சு?"

பூளை சருகுக்குள் போய்விட்டாள். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் விடியும் நேரத்தில் முப்பத்தாறு மான்கள் ஆளுக்கொரு கொம்பைக் கவ்விக்கொண்டு ஆற்று மணலைக் கடந்து வந்தன. கொம்புகளைப் புங்க மரத்தடியில் குவித்தன. எல்லோருடைய நாக்கும் வறண்டு கிடந்தது. திரும்பும் வழியில் ஊற்றைப் பார்த்தன. தலைவியின் வார்த்தை இல்லாததால் வாய் வைக்காமலே போயின.

யானைகள் வந்தன. கன்றுகள் துள்ளிக்கொண்டு முன்னே ஓடி வந்து, குவியலைக் கண்டதும் தாய்மாரின் காலுக்கடியில் புகுந்துகொண்டன. மலையாயி மெல்ல நடந்து வந்தாள். முதல் கொம்பைத் தடவினாள். இரண்டாவதைத் தடவினாள். முப்பத்தாறையும் தடவி முடிக்கும் வரை ஒரு யானையும் காதைக்கூட அசைக்கவில்லை.

"சொக்கிப் போய்விட்டார்கள், பார்" என்று செங்கோடர் பூளையிடம் கிசுகிசுத்தார்.

"இத்தனை பேரா?" என்று கேட்டாள் மலையாயி.

"ஆமாம், தலைவி. எல்லாம் எங்கள் இளங்காளைகளுடையவை. பொறுக்கி எடுத்தவை. உங்களுக்காகத்தான்."

"எங்களுக்காகவா?"

"ஊற்றில் மட்டும் எங்களுக்கு ஒரு பங்கு கொடுங்கள். வருடா வருடம் இதே போலக் கொண்டுவந்து தருகிறோம்."

மலையாயியின் தும்பிக்கை சுருண்டது. "பெற்ற பிள்ளைகளைக் கொன்று எலும்பைக் கொண்டுவந்து தண்ணீர் கேட்கிறாயா?" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இந்தப் பிள்ளைகளுக்கு அழ உங்களுக்கு மனமில்லை. நாங்கள் அழுகிறோம். பொழுது சாய்ந்ததும் நீங்கள் இருவரும் இந்தக் காட்டைவிட்டுப் போய்விட வேண்டும்."

யானைகள் மண்ணை வாரிக் கொம்புகள் மேல் போட்டன. கிளைகளை ஒடித்து மூடின. பிறகு குவியலைச் சுற்றி வட்டமாக நின்றன. துக்கத்தில் நிற்கும் யானை யார் பேச்சையும் கேட்காது.

செங்கோடர் கோபத்தில் குளம்பால் மண்ணை உதைத்தார். "நம் மரியாதையை மண்ணில் புதைத்துவிட்டார்கள். இவர்களோடு என்ன உறவு? வா, இப்போதே போகலாம்."

"நான் வரவில்லை, ஐயா."

"என்ன சொன்னாய்?"

பூளைக்குக் கால்கள் தானாகச் சருகைத் தேடின. அவற்றை இழுத்து நிறுத்திக்கொண்டாள். "தண்ணீர் இல்லாமல் ஊருக்குப் போய் என் குட்டி முகத்தில் எப்படி விழிப்பேன்? துக்கத்தில் கூட நின்றவர்களோடுதான் யானைகள் துக்கம் முடிந்ததும் பேசும். நான் போய் நிற்கிறேன்."

"மிதிபட்டுச் சாவாய்."

"பார்த்து நிற்கிறேன்."

அவர் புதருக்குள் போய்விட்டார். பூளை ஒரு சின்னப் பச்சைக் குச்சியைக் கவ்வி எடுத்தாள். யானைகளின் கால்களுக்கு நடுவே நடந்து போய் அதைக் குவியல் மேல் வைத்தாள். வட்டத்தில் ஓர் இடைவெளி பார்த்து நின்றுகொண்டாள்.

வெயில் ஏறியது. யானைக்கு நிழல் அதன் காது. பூளைக்கு அதுவும் இல்லை. உண்ணிக்கொக்கு ஒரு யானையின் முதுகிலிருந்து எட்டிப் பார்த்தது.

"அடி குட்டையே, உன்னைவிட அதோ அந்தச் சாணி உருண்டை உயரம். நீ நிற்கிறாயா, உட்கார்ந்திருக்கிறாயா என்றே தெரியவில்லையே."

பூளை குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடுப்பகலில் ஒரு யானை கால் மாற்றி வைத்தது. பெரிய பாதம் அவள் காதை உரசிக்கொண்டு இறங்கியது. பூளை கண்ணை மூடித் திறந்தாள். நகரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. படுத்துக் கிடக்கும் குன்றியை நினைத்தாள். அதற்கும் இப்படித்தானே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கொக்கு மறுபடி வந்தது. இந்த முறை கேலி பேசவில்லை. "போய் ஒரு வாய் குடித்துவிட்டு வாயேன். யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றது.

அவள் கால்களை மண்ணில் இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. மலையாயி தும்பிக்கையைத் தூக்கி ஒரு பெருமூச்சு விட்டாள். துக்கம் முடிந்தது. குனிந்து பார்த்தாள்.

"நீ காலையிலிருந்து நிற்கிறாய். இதில் உன் பிள்ளை எது?"

"என் பிள்ளை யாரும் இதில் இல்லை, தாயே. யார் பிள்ளையும் இல்லை." பூளையின் குரல் கரகரத்தது. ஆனாலும் நிற்கவில்லை. "இவை எலும்பில்லை. உதிர்ந்த கொம்புகள். உங்கள் கன்றுகளுக்குப் பால்தந்தம் விழுந்து புதுத் தந்தம் முளைக்கிறதே, அதுபோலத்தான். கொம்பு கொடுத்தவர்கள் எல்லோரும் உயிரோடு ஊரில் தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள்."

மலையாயி அவளையே பார்த்தாள். "யாரும் சாகவில்லை என்று தெரிந்தும் நீ ஏன் நின்றாய்?"

"எங்கள் பிள்ளைகள் என்று நினைத்துத்தானே நீங்கள் பட்டினி நின்றீர்கள். உங்களை மட்டும் நிற்கவிட்டு நான் நிழலில் உட்காரலாமா?" பூளை கொஞ்சம் தயங்கினாள். "உங்களோடு பேசவும் வேண்டியிருந்தது, தாயே. அதையும் மறைக்கவில்லை."

ஒரு யானை கனைத்தது. அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

"நீ சொல்வதை நம்ப ஆசையாக இருக்கிறது" என்றாள் மலையாயி. "ஆனால் தலையிலிருந்து இவ்வளவு பெரியது விழுந்தபின் ஒருவன் உயிரோடு நிற்பதை நான் கண்டதில்லை. காட்டு."

பூளை புதரை நோக்கி ஓடினாள். செங்கோடர் அங்கே தலையைத் தாழ்த்திப் பதுங்கியிருந்தார். அவருடைய வலக் கொம்பு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. கொம்பு விழும் காலத்தில் கடமான்கள் புதருக்குள் ஒளிந்துகொள்ளும். புதுக் கொம்பு வளரும் வரை மொட்டைத் தலையை யாருக்கும் காட்டுவதில்லை.

"தெரியும், எதற்கு வந்திருக்கிறாய் என்று" என்றார் அவர். "கொக்கு சொல்லிவிட்டது. முடியாது. வழியை விடு."

"விடமாட்டேன், ஐயா."

"நான் மான்நாட்டின் தூதர். அத்தனை யானைகளுக்கு முன்னால் மொட்டைத் தலையோடு நிற்கவா?"

"ஆமாம், ஐயா."

"ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"சிரிப்பதற்கு ஊர் இருக்க வேண்டுமே, ஐயா."

காலையில் கொம்பு கவ்வி வந்த முப்பத்தாறு மான்களின் நாக்குகளைச் செங்கோடரும் பார்த்தவர்தான். எழுந்து புதரைவிட்டு வெளியே நடந்தார்.

யானைகள் வழி விட்டன. செங்கோடர் புங்க மரத்தின் அடியில் வலக் கொம்பை வைத்துத் தேய்த்தார். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாம் தரம் கொம்பு கழன்று தொப்பென்று மண்ணில் விழுந்தது. தலையில் அந்த இடத்தில் இரண்டு சொட்டு இரத்தம் மட்டும் துளிர்த்தது. ஒரு பக்கம் கொம்பும் ஒரு பக்கம் மொட்டையுமாக அவர் நிமிர்ந்து நின்றார்.

ஒரு கன்று தாயின் வயிற்றடியிலிருந்து கேட்டது. "மாமா, வலிக்கிறதா?"

"வலிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது" என்றார் செங்கோடர்.

மலையாயி விழுந்த கொம்பை மோந்தாள். குவியலிலிருந்து ஒன்றை உருவி அதையும் மோந்தாள். பிறகு தும்பிக்கை நுனியைச் செங்கோடரின் மொட்டைத் தலையில் வைத்தாள். அந்த இடம் கதகதவென்று இருந்தது.

"உயிரோடுதான் இருக்கிறான்" என்றாள். அவள் சொன்ன விதத்தில், அன்று பகலெல்லாம் அவள் சுமந்த பாரம் இறங்கியது எல்லோருக்கும் தெரிந்தது.

அவள் பூளையின் பக்கம் திரும்பினாள். "நாங்கள் குடித்து நகர்ந்ததும் ஊற்று உங்களுடையது. நாளையிலிருந்து இல்லை, இப்போதிலிருந்து. உங்கள் ஆட்கள் ஊற்றில் நிற்கும்போது புலி வாடை அடித்தால் குரல் கொடுக்கட்டும். அது எங்களுக்குப் போதும். இன்னொன்று. இனிமேல் எதைக் கொண்டுவருவதாக இருந்தாலும் முதலில் என் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள்."

"கேட்காமல் ஒரு புல்லும் வராது, தாயே" என்றார் செங்கோடர், பூளைக்கு முந்திக்கொண்டு.

யாரும் சொல்லாமலே உண்ணிக்கொக்கு மான்நாட்டை நோக்கிப் பறந்தது.

வானம் சிவந்திருக்கும்போதே மான்கள் மணலில் வரிசையாக இறங்கி வந்தன. எல்லோருக்கும் பின்னால் பூளையின் அக்காள், குன்றியை மூக்கால் தள்ளித் தள்ளி நடத்திக் கூட்டி வந்தாள். ஊற்று ஆழமாக இருந்தது. குட்டிக்கு எட்டவில்லை. கரையில் யானையின் கால் பதிந்த குழியொன்றில் தண்ணீர் ஊறி நின்றது. பூளை தன் குட்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

குன்றி முதலில் மோந்தது. பிறகு முகத்தை முழுதாக உள்ளே விட்டுக் குடிக்கத் தொடங்கியது.

நீதி: அயலார் வாசலில் நம் பெருமையை விரிக்கும் முன், அவர்கள் எதற்கு அழுவார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.